நாயும் கயிறும்: ஓர் இழுபறியின் வரலாறு

சவூதி அரேபியாவின் வடமேற்குப் பாலைநிலத்திலே ஷுவைமிஸ், ஜுப்பா என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. அங்குள்ள பாறைகளில் ஆதி வேடர்கள் செதுக்கிய நூற்றுக்கணக்கான நாய் உருவங்களை ஆராய்ந்த அறிஞர்கள் 2017ஆம் ஆண்டின் இறுதியில் தமது முடிவுகளை வெளியிட்டார்கள். வில்லை வளைத்து நிற்கும் வேடன். அவனைச் சூழ நிமிர்ந்த காதும் சுருண்ட வாலும் கொண்ட நாய்கள். அவற்றில் சில நாய்களின் கழுத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டு வேடனின் இடுப்பிலே போய் முடிகிறது. இவை எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவையாக இருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. அந்தக் கோடு வெறும் உறவைக் காட்டும் குறியீடாகவும் இருக்கக்கூடும் என்று எச்சரித்தாலும், கயிறு என்று கொள்வதற்கே இடம் அதிகம். அப்படியானால் நாயைக் கயிற்றில் பிடித்துச் சென்ற மனிதனின் மிகப் பழைய படம் இதுதான்.

கயிறு ஏன் இடுப்பில் கட்டப்பட்டிருக்கிறது? வில்லைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும் என்பதால்தான். நாய் இழுத்தால் வேடனும் சேர்ந்து போகவேண்டியதுதான். நாய் இழுப்பதே அங்கே வேலை. இழுக்கின்ற திசையில்தான் இரை இருக்கிறது.

கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வேட்டையைப் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனபோன், நாயின் கழுத்துப்பட்டி மிருதுவாகவும் அகலமாகவும் இருக்கவேண்டும், உரோமம் தேயக்கூடாது என்கிறார். பிடிக்கும் வாரில் கைக்கு ஒரு வளையம் மாத்திரம் போதும். வாரையே சுருக்கிக் கழுத்துப்பட்டியாக மாட்டுகிறவர்களுக்கு நாய் சரிவர அடங்காது என்றும் சொல்கிறார். கழுத்தைச் சுருக்குக் கயிறு நெரிக்கலாமா கூடாதா என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் அவரைப் படித்திருந்தால் பாதி வாதம் மிச்சப்பட்டிருக்கும். ஆனால் நாய் இழுக்காமல் அமைதியாகப் பக்கத்தில் நடக்க என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி வேட்டை நூல்களின் மையத்திலே இல்லை. வேட்டைக்காரனுக்குக் கயிறு அவிழ்த்துவிடுவதற்காகவே இருந்தது.

நம்மிடமும் அப்படித்தான். ஞமலி, ஞாளி என்றெல்லாம் பழந்தமிழ் பேசுகிற நாய்களில் வேடரோடு ஓடியவையும் உண்டு. பிற்காலத்து யாழ்ப்பாணத்து வளவு நாயோ படலைக்குள்ளே தன்பாட்டில் திரிந்தது. பகலில் கட்டி இரவில் அவிழ்த்துவிட்டார்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, ஆட்டுக்குக் கழுத்துக்கயிறு என்று வகைவகையாகப் பெயர் வைத்த மொழியிலே, நாயோடு உலாவப் போகும் கயிற்றுக்குத் தனிப்பெயர் இல்லை. சங்கிலி என்றோம், அது கட்டிவைப்பதற்கான பொருள். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழியும் சொல்லிக்கொண்டோம்.

கேள்வியை எழுப்பியது நகரம். நகரத்திலே நாய் என்றால் கூடவே விசர்நாய்க்கடியும் வந்துவிடும். 1890களின் பிற்பகுதியில் பிரித்தானிய அரசு நாய்களுக்கு வாய்மூடி கட்டாயம் என்று கடுமையாக நின்று, 1902ஆம் ஆண்டளவில் அந்த நோயைத் தன் தீவிலிருந்து ஒழித்தது. இலங்கையில் 1893இல் விசர்நாய்க்கடி நோய்ச் சட்டமும் 1901இல் நாய்கள் பதிவுச் சட்டமும் வந்தன. கேட்பாரற்றுத் தெருவில் திரியும் நாயைக் கொல்லுவது அதன்பின் நூறாண்டுக்கு மேலாக இங்கே வழக்கமாக இருந்தது. 2006இல்தான் அரசு அந்தக் கொள்கையைக் கைவிட்டது. விசர்நாய்க்கடியைப் பற்றி ஒரு செய்தியாவது எழுதாத ஆண்டு என் பத்திரிகை வாழ்க்கையில் இருந்ததாக நினைவில்லை. ஆக, தெருவிலே கயிற்றின் முனையில் ஒரு மனிதன் நிற்கிறானா இல்லையா என்பது நாய்க்கு உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. கயிறு கட்டாயமானது. கயிற்றோடு எப்படி நடப்பது என்று நாய்க்கும் தெரியாது, மனிதனுக்கும் தெரியாது.

நாய் ஏன் இழுக்கிறது? முதலாவது காரணம் மிகச் சாதாரணமானது. நமது நடை மணிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர். நடுத்தர அளவுள்ள நாயின் இயல்பான துள்ளுநடை அதைவிட வேகமானது. நம்மோடு நடப்பது அதற்கு வயோதிபரின் பின்னால் ஒடுங்கிய ஒழுங்கையில் மாட்டிக்கொண்ட மாதிரி. இரண்டாவது காரணம், இழுத்தால் பலன் கிடைக்கிறது: நாய் இழுக்கிறது, நாம் பின்னால் போகிறோம், அந்த மரத்தடி மணம் அதற்குக் கிடைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு நூறு தடவை இந்தப் பாடத்தை நாமே அதற்குக் கற்பிக்கிறோம்.

மூன்றாவது காரணத்தைத் தொட்டவர் ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ். மணியோசைக்கு எச்சில் ஊறிய நாயைப் பற்றி எல்லோரும் பாடசாலையிலே படித்திருக்கிறோம். ஆனால் அவரது ஆய்வுகூடத்தில் இருந்த இன்னொரு நாயைப் பற்றி அதிகம் பேர் அறியமாட்டார்கள். சாதுவான, எல்லோரோடும் ஒட்டுகிற நாய். ஆனால் பரிசோதனைச் சட்டத்தில் வார்கட்டி நிறுத்தியதும் அமைதி போய்விடும். காரணமில்லாமல் எச்சில் வடியும். பலகாலம் காரணம் விளங்காமல் இருந்து, கடைசியில் அது கட்டுண்டு நிற்பதையே பொறுக்கமுடியாத நாய் என்று கண்டார்கள். பாவ்லோவ் இதற்கு 'விடுதலை அனிச்சை' என்று பெயரிட்டார். ரஷ்யப் புரட்சிக் காலத்திலே ஒரு விஞ்ஞானி நாயிடம் இப்படி ஒன்றைக் கண்டார் என்பதை எண்ணும்போது எனக்கு எப்போதும் ஒரு புன்னகை வரும்.

அந்த நாயை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார்கள் என்பதே முக்கியம். அடிக்கவில்லை, இறுக்கிக் கட்டவில்லை. அதன் உணவை அந்தச் சட்டத்தில் மாத்திரமே கொடுத்தார்கள். முதலில் சரியாக உண்ணாமல் மெலிந்தது. நாள் செல்லச் செல்ல முழுவதையும் உண்ணத் தொடங்கியது. மாதக்கணக்கிலான பொறுமைக்குப் பிறகு கட்டுண்டு நிற்பதிலே கலவரமில்லாத நாயாயிற்று. பட்டினியின் சாயல் இதில் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கயிற்றின் மேலுள்ள வெறுப்பைக் கயிற்றினால் அல்ல, உணவினால் கரைக்கலாம் என்ற விடை அந்த ஆய்வுகூடத்திலே கிடைத்துவிட்டது. நாய்ப் பயிற்சியாளர்களிடம் அது போய்ச்சேர ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு சென்றது.

ஏனென்றால் இடையிலே கொன்ராட் மோஸ்ட் இருந்தார். ஜேர்மனியின் சார்புருக்கன் நகரில் பொலிஸ் அதிகாரியாக இருந்த இவர் 1906இல் பொலிஸ் நாய்களைப் பயிற்றத் தொடங்கி, 1910இல் நாய்ப் பயிற்சி பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அந்நூல் சாதாரணமானதல்ல. நாய்க்கு மனிதனைப் போன்ற ஒழுக்க உணர்வு கிடையாது, அது குற்றமறிந்து குற்றம் செய்வதில்லை, செயலுக்கும் பலனுக்கும் இடையிலான கணநேரத்தையே அது அறியும் என்று அவர் எழுதினார். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் புகழ்பெற்ற நூல் 1938இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் மோஸ்ட் எவ்வளவு முந்தியவர் என்பது புரியும். ஆனால் அந்தக் கணநேரத்தை அவர் பெரும்பாலும் நிரப்பியது கயிற்றின் சுண்டலினாலும் பிரம்பினாலும் முட்பட்டியினாலும்தான். மேலாண்மை நிலைநாட்டப்பட வேண்டும், நாய் தோற்கவேண்டும். இராணுவ ஒழுங்கில் ஊறிய பிரஷ்யாவிலே இதை யாரும் விசித்திரமாகக் கருதவில்லை. மோஸ்டும் அவரது வழிவந்தவர்களும் பழக்கிய நாய்கள் முதலாம் உலகப்போரின் பதுங்குகுழிகளுக்குப் போயின.

அந்தப் போர்தான் எதிர்பாராத இன்னொன்றையும் தந்தது. நச்சுவாயுவாலும் எறிகணையாலும் பார்வையிழந்த படையினர் ஆயிரக்கணக்கில் திரும்பினார்கள். ஜெராட் ஸ்ராலிங் என்ற மருத்துவர், தாம் அவசரமாக அழைக்கப்பட்டபோது பார்வையிழந்த நோயாளி ஒருவரோடு தமது நாயை விட்டுச் சென்றதாகவும், திரும்பி வந்தபோது அது அவரைக் கவனமாகப் பார்த்துக்கொண்ட விதத்தைக் கண்டு இந்த எண்ணம் உதித்ததாகவும் சொல்லப்படுகிறது. 1916இல் ஓல்டன்பேர்க் நகரில் வழிகாட்டி நாய்களுக்கான முதலாவது பாடசாலையை அவர் நிறுவினார். 1923இல் பொட்ஸ்டாமிலே இன்னொன்று தொடங்கியது.

அந்தப் பொட்ஸ்டாம் பாடசாலையைப் போய்ப் பார்த்தவர் டொறத்தி ஹரிசன் யூஸ்ரிஸ் என்ற அமெரிக்கச் சீமாட்டி. சுவிற்சர்லாந்தின் வெவே நகருக்கு மேலுள்ள மலையில் ஜேர்மன் செப்பேட் நாய்களை வளர்த்து, பொலிசுக்கும் இராணுவத்துக்கும் பழக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். தாம் கண்டதை 'சற்றடே ஈவினிங் போஸ்ற்' சஞ்சிகையில் 1927 நவம்பர் 5ஆம் திகதி எழுதினார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மொறிஸ் பிராங்க் என்ற இளைஞருக்கு அந்தக் கட்டுரையை அவரது தந்தையார் வாசித்துக் காட்டினார். ஆறு வயதில் ஒரு கண்ணையும் பதினாறு வயதில் மற்றக் கண்ணையும் விபத்துகளில் இழந்தவர் பிராங்க். தமக்கு ஒரு நாய் வேண்டும், கிடைத்தால் மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்வேன் என்று யூஸ்ரிசுக்கு எழுதினார். 1928இல் சுவிற்சர்லாந்துக்குப் புறப்பட்ட அவர் பயணம் செய்த விதம் கசப்பானது. பார்வையற்றவர் தனியே போகமுடியாது என்பதால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பொறுப்பிலே ஒரு பொதியைப் போல ஒப்படைக்கப்பட்டார். கப்பலறையிலே பூட்டியும் வைக்கப்பட்டார்.

திரும்பியபோது அவருக்குப் பக்கத்தில் பட்டி என்ற பெண்நாய் நடந்தது. நியூயோர்க் துறைமுகத்தில் கூடிய பத்திரிகையாளர்கள், எங்கே, வெஸ்ற் ஸ்ரீற்றைக் கடந்து காட்டுங்கள் பார்ப்போம் என்றார்கள். பாரவண்டிகளும் லொறிகளும் இரைந்தோடும் அகன்ற துறைமுகத் தெரு அது. எங்கள் தொழிலுக்கே உரிய இரக்கமின்மை! பட்டி நின்றது, விலகியது, மறுபடி நின்றது, நடந்தது. மறுகரைக்குப் போய்ச்சேர்ந்தபின் பிராங்க் யூஸ்ரிசுக்கு அனுப்பிய தந்தியிலே ஒரே ஒரு சொல்தான் இருந்தது: வெற்றி. 1929 ஜனவரியில் நாஷ்விலில் 'சீயிங் ஐ' பாடசாலை பிறந்தது. இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்தின் வலசியிலும் முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் பயிற்சி பெற்றன.

நாயோடு நடப்பதன் வரலாற்றிலே இந்த நிகழ்ச்சிக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வழிகாட்டி நாய் மனிதனின் காலோடு ஒட்டி நடப்பதில்லை. சற்று முன்னால், சீராக, மெல்லிய இழுப்போடு நடக்கிறது. நெஞ்சுவாரின் விறைத்த கைப்பிடி வழியாக அதன் ஒவ்வோர் அசைவும் மனிதனின் இடக்கைக்குத் தெரிகிறது. படி இருந்தால் நிற்கும். போ என்று சொன்னாலும் வாகனம் வந்தால் போகாது; புத்தியுள்ள கீழ்ப்படியாமை என்று இதைச் சொல்வார்கள். தோற்கடிக்கப்பட்ட நாயால் இதைச் செய்யமுடியாது. மோஸ்டின் காலத்து ஜேர்மனியிலேயே, அவருடைய கயிற்றுக் கட்டளைகளைப் பயன்படுத்திய மரபிலேயே, கட்டளையை மறுக்கத் தெரிந்த நாய் உருவானது என்பதுதான் விந்தை.

வீட்டு நாய்களின் கதை வேறு வழியில் போயிற்று. நியூயோர்க்கை அடுத்த மவுண்ட் கிஸ்கோவில் ஹெலன் வைற்ஹவுஸ் வோக்கர் என்ற பெண்மணி 1933இல் எட்டு நாய்களோடு முதலாவது கீழ்ப்படிதல் போட்டியை நடத்தினார். தமது பூடில் நாய்கள் அழகுப் பொம்மைகள் அல்ல, அறிவுள்ளவை என்று காட்டுவதே அவரது நோக்கம். 1937இல் தமது துணைப் பயிற்சியாளர் பிளான்ச் சோண்டர்சோடு காரின் பின்னால் இழுவை வண்டியொன்றைப் பூட்டிக்கொண்டு பத்தாயிரம் மைல் சுற்றி இந்தப் பயிற்சியைப் பரப்பினார். இடக்காலோடு ஒட்டி நடத்தல், திரும்புகையில் திரும்புதல், நிற்கையில் அமர்தல் ஆகியவை இதன் வழியாகவே உலகெங்கும் வழக்கமாயின. சுருக்குச் சங்கிலியும் கூடவே பரவியது. 1962இல் வில்லியம் கோலர் எழுதிய நூலும், 1980இல் பிபிசி தொலைக்காட்சியில் எழுபது வயதுக் கணீர்க்குரலோடு தோன்றிய பார்பரா வூட்ஹவுஸ் அம்மையாரும் அந்தச் சங்கிலியை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றார்கள். வூட்ஹவுஸ் நாய்களை உண்மையாகவே நேசித்தவர். நேசமும் சங்கிலிச் சுண்டலும் ஒரே கையில் இருக்கலாம் என்பதைத்தான் அந்தத் தலைமுறை நம்பியது.

மாற்றம் வந்தது நாயிடமிருந்தல்ல, கடலிலிருந்து. ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரெலண்ட், மேரியன் பிரெலண்ட் தம்பதியர் 1940களிலேயே வெகுமதியால் விலங்குகளைப் பழக்கும் முறையை நாய்ப் பயிற்சியாளர்களிடம் கொண்டுபோனார்கள். அவர்கள் காது கொடுக்கவில்லை. 1951இல் ஸ்கின்னரே பொதுவாசகருக்கான கட்டுரையொன்றில், ரிக் என்று ஒலிக்கும் விளையாட்டுப் பொருளையும் துண்டு இறைச்சியையும் கொண்டு வீட்டு நாயைப் பழக்கலாம் என்று விளக்கினார். அதுவும் எடுபடவில்லை. பிறகு 1960களில் ஹவாயின் சீ லைஃப் பார்க்கில் கரன் பிரையர் என்ற இளம்பெண் டொல்பின்களைப் பழக்கும் பொறுப்பை ஏற்றார். டொல்பினுக்குக் கயிறு போடமுடியாது. அடித்தால் தண்ணீருக்குள் போய்விடும், திரும்பி வராது. மிஞ்சியிருந்தவை ஒரு விசிலும் ஒரு வாளி மீனும் மாத்திரமே. சரியான கணத்தில் விசில், பிறகு மீன். அந்த அனுபவத்தோடு அவர் 1984இல் எழுதிய நூல் 'நாயைச் சுடாதீர்கள்' என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்டது. 1990களில் விசிலின் இடத்தை உள்ளங்கைக்குள் அடங்கும் கிளிக்கர் பிடித்துக்கொண்டது. கயிறே போடமுடியாத உயிரிடமிருந்துதான் கயிற்றைப் பிடிக்கும் விதத்தை மனிதன் கற்றான்.

இந்த முறையிலே நாயோடு நடப்பது மிக எளிதாகத் தோன்றும். செய்கையில்தான் பொறுமை போகும். கயிறு தளர்ந்து தொங்கும்வரை நடை. இறுகியதும் நிற்றல், சுண்டுவதில்லை, திட்டுவதில்லை, மரம்போல நிற்றல். நாய் ஒரு கணம் திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்வாங்கியோ கயிறு தளர்ந்தவுடன் மறுபடி நடை. காலுக்கருகில் வரும்போது, காலுக்கருகிலேயே, ஒரு சிறு தின்பண்டம். முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னாலேயே நிற்கப் பழகும். முதல் நாள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனைக்குப் போக அரைமணித்தியாலம் ஆகலாம். வெளியே போகுமுன் வீட்டுக்குள்ளே பழக்குவது நல்லது. மணம்பிடிக்க இடையிடையே அனுமதிப்பதும் வெகுமதியே. நாய்க்கு உலா என்பது மூக்கினால் படிக்கும் பத்திரிகை. வீட்டில் ஒருவர் நின்று, இன்னொருவர் இழுபட்டுப் போனால் பயனில்லை. எப்போதாவது பலிக்கும் இழுப்பு, எப்போதும் பலிக்கும் இழுப்பைவிடப் பிடிவாதமானது. சூதாடிகளிடம் ஸ்கின்னர் கண்டதும் இதுவே.

கருவிகளும் வந்தன. 1973இல் ஜேர்மனியில் பிறந்த ஃபிளெக்சி என்ற சுருள்வார் வசதியானது. ஆனால் எப்போதும் இறுக்கமாகவே இருப்பதால் இழுத்தால் நீளும் என்று நாய்க்குக் கற்பிக்கிறது. பழகாத நாய்க்கு அதை வாங்காதீர்கள் என்பேன். தலையில் மாட்டும் ஹோல்ரி, ஜென்ரில் லீடர் போன்றவை நமது மூக்கணாங்கயிற்றின் சாதுவான உறவினர். தலை திரும்பிய பக்கம் உடல் திரும்பும். கழுத்துப்பட்டியை எதிர்த்து நாய் இழுக்கும்போது அதன் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்றும், நெஞ்சுவாரில் அவ்வாறில்லை என்றும் 2006இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

நமது மண்ணிலும் இந்தக் கயிற்றுக்கு ஒரு பாரதூரமான பயன் இருந்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் வடக்கிலே கண்ணிவெடி அகற்றும் பணியில் நாய்களும் ஈடுபடுத்தப்பட்டன. நீண்ட வாரின் முனையில், குறித்த கோட்டில், முகர்ந்து நடக்கவேண்டும். வெடிமருந்தின் மணம் பட்டதும் சத்தமில்லாமல் அமரவேண்டும். அமர்ந்தால் பந்தோ பாராட்டோ கிடைக்கும். அங்கே பாய்ந்து இழுக்கிற நாயும் சுண்டி இழுக்கிற கையும் என்ன விலை கொடுத்திருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. மீளக் குடியேறியவர்கள் கிணற்றடிக்குப் போன பாதைகளில் சில அந்தத் தளர்ந்த வார்களின் பின்னால் திறந்தவை.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் பனிக்குளிர் அங்கியோடு காலையில் நாயை நடத்திச் செல்லும் தமிழர்களைக் காண்கிறோம். ஊரில் வளவுக்குள் நாய் வளர்த்த தலைமுறைக்கு இது புதிய கலை. பிள்ளைகள் தின்பண்டப் பையோடு போக, தாத்தாமார் "ஒரு இழுவை இழுத்துவிடு" என்று ஆலோசனை சொல்வதும் நடக்கிறது. அந்தத் தாத்தாமாரின் பக்கத்திலே கொன்ராட் மோஸ்ட் நிற்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மோஸ்டின் சொந்த நாடோ அவரை விட்டு விலகிவிட்டது. 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து ஜேர்மனியில் நாய்ப் பயிற்சியின்போது முட்பட்டியும் நோவு தரும் பிற சாதனங்களும் சட்டப்படி தடை. வழிகாட்டி நாய்ப் பாடசாலைகளும் மாறின. தின்பண்டத்துக்குப் பழகிய நாய் உணவகத்திலே மானத்தை வாங்கிவிடும் என்று பல பத்தாண்டுகளாக அஞ்சியிருந்த அந்த உலகிலே, கலிபோர்னியாவின் பெரிய பாடசாலையொன்று 2000களில் கிளிக்கரையும் உணவையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தது. அங்கே பயின்ற நாய்கள் உணவகங்களில் மேசைக்குக் கீழே படுத்திருக்கின்றன.